ஐந்து லாரி, ஒரு செலவுச் செயலி, அதன் இணைப்புகள்

இந்தச் செயலியை வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசீதைப் படம் பிடித்து, தொகையைப் படித்து, செலவாகப் பதிந்து வைக்க வாங்கலாம். அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால், 'உங்கள் மற்ற மென்பொருள்கள் அனைத்தோடும் இணையும்' என்று முகப்பில் போட்டிருக்கிறார்களே, அதை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். இணையும்தான். இணைந்த பிறகு எது அந்தப் பக்கம் போய்ச் சேருகிறது, எது வழியிலேயே நின்றுவிடுகிறது என்று பார்க்க வேண்டும். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

சேவையின் பெயரை எழுதவில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன், அவற்றில் பாதி எங்கள் தொழிலின் தன்மையால் வந்தவை. எல்லாவற்றையும் ஒரு கம்பெனியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. எக்ஸ்பென்சிஃபை, ஸோகோ எக்ஸ்பென்ஸ், டெக்ஸ்ட் என்று இந்த வகையில் பெயர் பெற்றவை பல உண்டு. நான் வைத்திருப்பது இந்த மூன்றும் அல்ல, வேறொன்று. இருந்தாலும் இணைப்பு விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயா. 2007-இல் பெயர் மாறியது. எங்கள் வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவில் செம்பனையை வணிகத்துக்காக முதன்முதலில் பயிரிட்ட தோட்டம் இங்கேதான் இருக்கிறது: தென்னமரம் தோட்டம். 1917-இல் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டது. நூறு ஆண்டு தாண்டியும் ஊரில் நிறையப் பேருக்குப் பிழைப்பு அந்தச் செம்பனைக் குலைதான். எங்களுக்கும் அதுவே. அண்ணனுக்கு ஐந்து லாரி. தோட்டங்களிலிருந்தும் சிறுதோட்டக்காரர்களிடமிருந்தும் குலையை ஏற்றி ஆலையில் கொண்டுபோய்க் கொட்டுவது வேலை. கணக்கு என் பொறுப்பு. முன்பு ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தேன், பேரேடு எழுதிப் பழகிய கை.

லாரிச் செலவு ஓரிடத்தில் நடக்காது. வெட்டிய குலை சீக்கிரம் ஆலைக்குப் போயாக வேண்டும், தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் விடியற்காலையிலும் வண்டி ஓடும், இரவிலும் ஓடும். டீசல் ஈஜோக்கில் போடுவார்கள், பஞ்சர் புக்கிட் ரோத்தானில் ஒட்டுவார்கள், ஸ்பிரிங் பட்டை உடைந்தால் வெல்டிங் கடைக்காரர் நோட்டுத் தாளைக் கிழித்துத் தொகையை எழுதிக் கொடுப்பார். டோல், புஸ்பாகோம் வாகனச் சோதனைக் கட்டணம், டிரைவர் சாப்பாட்டுக் காசு என்று இன்னும் இருக்கின்றன. எல்லாம் சட்டைப் பைக்குள் மடிந்து, வியர்வையில் நனைந்து, வாரக் கடைசியில் என் மேசைக்கு வரும். சில ரசீதுகளில் எழுத்தே இருக்காது. அந்த வழவழத் தாள் சூடு பட்டால் போயிற்று. வருமான வரி வாரியமோ சான்றுகளை ஏழு ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது.

இதெல்லாம் முன்பும் இருந்ததுதான். பொறுக்க முடியாமல் போனது டீசலால். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஏறியது. தகுதியுள்ள சரக்கு லாரிகளுக்கு ஃப்ளீட் கார்டு (லாரிக் கம்பெனிகளுக்கான எண்ணெய் அட்டை) வழியாக மானிய விலை உண்டு, சரி. ஆனால் எந்த லாரி எத்தனை லிட்டர் குடித்தது, கார்டில் போட்டது எவ்வளவு, அவசரத்துக்குக் கைக்காசில் போட்டது எவ்வளவு என்று வண்டிவாரியாகத் தெரியாவிட்டால் தொழில் நடத்த முடியாது. அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான்: "தங்கச்சி, எந்த வண்டி நம்ம காசைத் தின்னுது?" அதற்குப் பதில் தேடித்தான் செயலி வாங்கினோம்.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிரைவர் படம் பிடிக்கிறார். தேதி, கடைப் பெயர், தொகை தானாக ஏறுகின்றன. அச்சடித்த ரசீதை அநேகமாகச் சரியாகப் படிக்கிறது. வெல்டிங் கடைக்காரரின் கையெழுத்தைப் படிக்கவில்லை. அது எனக்கும்தான் புரியாது. லாரி எண்ணையும் லிட்டரையும் தட்டச்சு செய்ய நாமே இரண்டு கட்டங்கள் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: தோட்டத்துக்குள் பனை வரிசைகளுக்கு நடுவில் லைன் கிடைக்காது. அங்கேயும் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் தானே அனுப்பிவிடுகிறது. இளைய டிரைவர்கள் சீக்கிரம் பழகிவிட்டார்கள். பெரிய டிரைவர் மாமா மட்டும் வாட்ஸ்அப்பைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்றுவிட்டார். அவர் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

இனி இணைப்புகள். நல்லதிலிருந்து தொடங்குகிறேன்.

கூகுள் டிரைவோடு இணைப்பது சுலபம். பொத்தானை அழுத்தினால் கூகுளின் சொந்தப் பக்கம் திறக்கிறது. அங்கே நுழைந்து நாம் அனுமதி கொடுக்கிறோம். நம் கடவுச்சொல் செயலிக்காரர்கள் கைக்குப் போவதே இல்லை, ஓர் அனுமதிச் சாவி மட்டும் போகிறது. வேண்டாம் என்றால் கூகுள் கணக்கில் போய் அந்தச் சாவியை ரத்து செய்துவிடலாம். இணைத்த பிறகு, நான் ஒப்புதல் கொடுத்த ஒவ்வொரு ரசீதும் மாதவாரியான கோப்புறையில் பிடிஎஃப் ஆகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. கோப்பின் பெயரிலேயே தேதியும் தொகையும் இருக்கின்றன. ஏழு ஆண்டுச் சான்று என்ற தலைவலி அதோடு தீர்ந்தது. நாளைக்கு இந்தச் சேவையை விட்டு வேறொன்றுக்குப் போனாலும் ரசீதுகள் நம் கையில் இருக்கும். இந்த ஒரு இணைப்புக்கே சந்தாக் காசு செரித்துவிடும் என்பேன்.

இணைக்கும்போது கம்பெனிக்கென்று தனி மின்னஞ்சல் கணக்கு திறந்து, அதில் இணையுங்கள். அலுவலகத்தில் இருக்கும் பிள்ளையின் சொந்த ஜிமெயிலில் இணைத்தால், அந்தப் பிள்ளை வேலையை விட்டுப் போகும் அன்று இணைப்பும் கூடவே போய்விடும். சாவி யார் கொடுத்தாரோ அவருடைய கணக்கோடுதான் அது கட்டுப்பட்டிருக்கிறது. மற்ற மென்பொருள்களோடு இணைப்பதற்கும் இதே கதைதான்.

மின்னஞ்சல் இணைப்பும் குறை சொல்ல முடியாது. சேவை நமக்கென்று ஒரு முகவரி கொடுக்கிறது. அங்கே எந்த ரசீதை அனுப்பினாலும் அது செலவாகப் பதிவாகிறது. உதிரிபாகக் கடை, இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ் என்று மின்னஞ்சலில் வருகிற ரசீதுகளை ஜிமெயிலில் ஒரு விதி போட்டுத் தானாகவே அங்கே திருப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

பெரிய டிரைவர் மாமாவின் வாட்ஸ்அப்புக்குத்தான் வழி இல்லை. வாட்ஸ்அப்பில் வருகிற படத்தை நேராக உள்ளே இழுக்க, அதன் வணிகச் சேவையைத் தனியாக வாங்கி இணைக்க வேண்டும். ஐந்து லாரிக்காரனுக்கு அது தேவையில்லாத செலவு. அதனால் மாமா எனக்கு அனுப்புகிறார், நான் கைப்பேசியிலிருந்தே அதைச் செயலிக்குப் பகிர்கிறேன். படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், சின்ன எழுத்து மங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லிக் கொடுத்தேன். "பாப்பா, இது பழைய வண்டிக்கு, ரெண்டு டயரு, தவுக்கே நல்ல விலை போட்டாரு" என்று குரலிலும் ஒரு செய்தி வரும் (தவுக்கே என்றால் கடை முதலாளி). உண்மையைச் சொன்னால், இளையவர்கள் செயலியில் நிரப்பும் குறிப்பைவிட அந்தக் குரல் செய்தியில் விவரம் அதிகம்.

அண்ணனின் கேள்விக்குப் பதில் கிடைத்தது கூகுள் ஷீட்டில். ஆனால் செயலிக்கும் ஷீட்டுக்கும் நேரடி இணைப்பு கிடையாது. நடுவில் ஒரு தரகர் வேண்டும். ஸாப்பியர் 2011-இல் வந்தது, இந்த வேலையில் பலருக்கும் தெரிந்த பெயர். மேக் என்று ஒன்று, 2022 வரை இன்டெக்ரோமாட் என்ற பெயரில் இருந்தது. ஸோகோ ஃப்ளோ, மைக்ரோசாஃப்ட் பவர் ஆட்டோமேட் இவையும் உண்டு. எல்லாம் செய்வது ஒன்றுதான்: இங்கே இது நடந்தால், அங்கே அதைச் செய். செயலியில் ஒரு செலவுக்கு ஒப்புதல் கிடைத்தால் ஷீட்டில் ஒரு வரி சேர்.

தரகருக்கும் கூலி உண்டு. ஸாப்பியரின் இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 100 வேலைகள்தான். அதுவும் 'இது நடந்தால்' ஒன்று, 'அதைச் செய்' ஒன்று, அதற்கு மேல் சேர்க்க முடியாது. ஐந்து லாரியின் ரசீதுகள் மாதம் பாதி ஆவதற்குள் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடும். இடையில் தேதியைத் திருத்தவோ வண்டிவாரியாகப் பிரிக்கவோ ஒரு படி சேர்த்தால், அந்தப் படிக்காகவே கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டியிருக்கும். இந்தச் செலவைச் செயலியின் விலைப் பக்கம் சொல்லாது. அவர்கள் பார்வையில் அது வேறு கம்பெனியின் பில். நமக்கு எல்லாம் ஒரே பர்ஸ்.

தேதி விஷயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜூலை முதல் தேதி விடியற்காலையில் போட்ட டீசல், ஷீட்டில் ஜூன் 30 என்று ஏறியது. செயலியில் பார்த்தால் ஜூலை 1 என்று சரியாக இருக்கிறது. என்னவென்று தேடினால், நடுவில் போகும்போது நேரம் உலகப் பொது நேரத்தில் போகிறது; நாம் அதற்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை எட்டு மணிக்கு முன்னால் எடுக்கும் எந்த ரசீதும் முந்தைய நாளுக்குப் போய்விடும். பத்து மணிக்குக் கடை திறக்கிறவருக்கு இது வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போகலாம். குலை லாரிக்காரனுக்கு மாதக் கணக்கே மாறிவிடும். தரகர் பக்கத்தில் நேர வலயத்தைக் கோலாலம்பூர் என்று மாற்றி, தேதியைத் திருத்த ஒரு படி சேர்த்தால் சரியாகிவிடுகிறது. அந்தப் படிக்குத்தான் காசு என்று மேலே சொன்னேன்.

இந்தச் சிக்கல்களைத் தாண்டி ஷீட் வேலை செய்கிறது. நாங்கள் சேர்த்த லாரி எண் கட்டமும் லிட்டர் கட்டமும் அப்படியே வருகின்றன. அண்ணன் சந்தேகப்பட்டது பழைய வண்டியை. ஷீட் காட்டியது அதற்கு அடுத்து வாங்கிய வண்டியை. பட்டறையில் விட்டுப் பார்த்தால் இன்ஜெக்டர் கோளாறு. பெரிய டிரைவர் மாமாவுக்கு ஏக சந்தோஷம், பழைய வண்டி அவருடையது.

இனி கணக்கு மென்பொருள். விளம்பரத்தில் முதல் வரியில் இருப்பதும் இதுதான், எனக்கு ஏமாற்றம் தந்ததும் இதுதான்.

இந்த வகைச் சேவைகளின் இணைப்புப் பட்டியலைத் திறந்தால் குவிக்புக்ஸ், ஸீரோ, நெட்சூட், சேஜ் என்ற பெயர்கள்தான் முன்னால் நிற்கும். நம் நாட்டில் சிறு தொழில்காரர்களின் கணக்கு பெரும்பாலும் எங்கே இருக்கிறது? எஸ்கியூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் மாதிரி உள்ளூர் மென்பொருள்களில். கிள்ளானில் இருக்கும் எங்கள் ஆக்கவுண்டன்ட் அண்ணனும் ஓர் உள்ளூர் மென்பொருளைத்தான் வைத்திருக்கிறார். நான் வாங்கிய சேவையின் பட்டியலில் அது இல்லை. உதவிப் பிரிவில் கேட்டேன். மரியாதையாகவே பதில் வந்தது: திறந்த இடைமுகம் (மற்ற மென்பொருள்கள் நிரல் எழுதி இணைய விடும் வழி) இருக்கிறது, உங்கள் மென்பொருளாளரை வைத்து இணைத்துக்கொள்ளலாம். எங்கள் மென்பொருளாளர் யார்? அண்ணன் மகன், பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கிறான்.

பட்டியலில் இருப்பதையாவது பார்ப்போம் என்று, இணையத்தில் இயங்கும் ஒரு வெளிநாட்டுக் கணக்கு மென்பொருளைச் சோதனைக் காலத்துக்கு எடுத்து இணைத்துப் பார்த்தேன். செயலியில் உள்ள ஒவ்வொரு செலவு வகைக்கும் அந்தப் பக்கம் எந்தக் கணக்குத் தலைப்பு என்று பொருத்தச் சொல்கிறது. அதைச் செய்தால் செலவுகள் போய் விழுகின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் லாரி எண் போகவில்லை. லிட்டரும் போகவில்லை. தேதி, தொகை, தலைப்பு, குறிப்பு, ரசீதுப் படம், அவ்வளவுதான் தாண்டிப் போகும். நாமாகச் சேர்த்த கட்டங்கள் இந்தக் கரையிலேயே நின்றுவிடுகின்றன. எந்த வண்டி என்று தெரியாத டீசல் கணக்கு எங்களுக்கு எதற்கு?

வழி இல்லாமல் இல்லை. கணக்கு மென்பொருளில் கிளை, திட்டம் என்று பிரித்துப் பார்க்க ஒரு வசதி இருக்கும். குவிக்புக்ஸில் 'கிளாஸ்' என்பார்கள், ஸீரோவில் 'டிராக்கிங்' என்பார்கள். லாரி எண்ணைத் தனிக் கட்டமாக வைக்காமல் அந்தப் பிரிவோடு பொருத்தினால் போய்ச் சேரும். ஸீரோவில் அப்படி இரண்டு பிரிவுகள்தான் ஒரே சமயத்தில் வைக்கலாம். எங்களுக்கு லாரி ஒன்று, தோட்டம் ஒன்று, சரியாகப் போயிற்று. மூன்றாவதாக டிரைவரையும் பார்க்க நினைக்கிறவர் அங்கேயே நின்றுவிடுவார். சந்தா கட்டும் முன் இதை ஒரு ரசீதை வைத்துச் சோதித்துப் பாருங்கள். விளம்பரப் பக்கத்தில் இந்த விவரம் கிடைக்காது.

அதைவிடப் பெரிய விஷயம், போக்கு ஒருவழிப் பாதை. ஒப்புதல் ஆகி அந்தப் பக்கம் போன செலவை இங்கே திருத்தினால் அங்கே திருந்தாது. இங்கே அழித்தால் அங்கே அழியாது. டயர் கடைக்காரர் தொகையைக் குறைத்துப் புது ரசீது கொடுத்தபோது இது தெரிந்தது: செயலியில் புதுத் தொகை, கணக்கில் பழைய தொகை, இரண்டு பக்கமும் பச்சை அடையாளம். ஆக்கவுண்டன்ட் முடிந்த மாதத்தைப் பூட்டிவிட்டால் இன்னொரு சிக்கல். பூட்டிய மாதத்துக்குப் போகும் செலவை அந்த மென்பொருள் ஏற்காது, ஏற்காததுதான் சரி. ஆனால் அந்த மறுப்பைச் செயலி ஓர் ஓரத்தில் சின்ன சிவப்புப் புள்ளியாகக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது. மின்னஞ்சலும் இல்லை, மணியும் இல்லை. நாமாகப் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

ஆக்கவுண்டன்ட் அண்ணனிடம் இதையெல்லாம் காட்டினேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னது: "தங்கச்சி, நேரா என் புக்குக்குள்ள எதுவும் வந்து விழக்கூடாது. என் கண்ணைத் தாண்டித்தான் வரணும்." முதலில் பழைய காலத்துப் பேச்சு என்று நினைத்தேன். இப்போது அவர் கட்சிதான் நான். மாதக் கடைசியில் செயலியிலிருந்து ஒரே கோப்பாகச் செலவுகளை எடுக்கிறேன், அவருடைய மென்பொருள் கேட்கும் வரிசையில் நெடுவரிசைகளை மாற்றுகிறேன், அனுப்புகிறேன். அவர் பார்த்துவிட்டு உள்ளே ஏற்றுகிறார். எஸ்கியூஎல் அக்கவுண்டிலும் ஆட்டோகவுண்டிலும் எக்ஸல் கோப்பிலிருந்து பதிவுகளை ஏற்றும் வசதி உண்டு. உங்கள் ஆக்கவுண்டன்டிடம் அதன் மாதிரிக் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தடவை சரியாக அமைத்துவிட்டால் அடுத்தடுத்த மாதங்களில் ஒரு டீ குடிக்கும் நேரம்தான்.

அந்தக் கோப்பில் தமிழ் வைத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. டிரைவர்கள் தேர்ந்தெடுப்பதற்காகச் செலவு வகைகளைத் தமிழில் வைத்திருக்கிறேன்: டீசல், டயர், பட்டை வேலை, சாப்பாட்டுக் காசு. கைப்பேசியில் அழகாகத் தெரிகிறது. கமா போட்டுப் பிரித்த கோப்பாக எடுத்து எக்ஸலில் நேராகத் திறந்தால் எல்லாம் குப்பை எழுத்து. எக்ஸல் அந்தக் கோப்பை யூனிகோடு என்று அடையாளம் காண்பதில்லை. இரண்டு தட்டுத் தட்டித் திறக்காமல், எக்ஸலுக்குள் போய்த் தரவை இறக்கும் வழியில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் வரும். அப்படியும் கடைசியில் கணக்கு மென்பொருளுக்குள் போனபோது அத்தனையும் கேள்விக்குறிகளாகிவிட்டன. இப்போது ஒவ்வொரு வகைக்கும் முன்னால் எண் வைத்திருக்கிறேன், '510 டீசல்', '520 டயர்' என்று. டிரைவர் தமிழைப் பார்க்கிறார், ஆக்கவுண்டன்ட் எண்ணைப் பார்க்கிறார்.

இரண்டு சென் விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ரொக்கமாகக் கட்டினால் பில் தொகை ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டப்படுகிறது. கடையில் 386.42 வெள்ளி வந்தால் ரொக்கமாக 386.40 கொடுப்போம், கார்டில் தேய்த்தால் 386.42 அப்படியே போகும். ரசீதில் இரண்டு தொகையும் அச்சாகியிருக்கும். செயலி பெரும்பாலும் மேலே இருக்கும் தொகையை எடுத்துக்கொள்கிறது. கைக்காசுப் பெட்டியை எண்ணினால் சில சென் அதிகமாக இருக்கும். காசு பெரிதில்லை, ஆனால் பேரேடு பழகிய கைக்கு அது முள். வெளிநாட்டில் எழுதப்பட்ட மென்பொருளுக்கு நம் ஐந்து சென் வழக்கம் எங்கே தெரியப்போகிறது? சரிக்கட்டுக்கென்று தனித் தலைப்பு ஒன்றை வைத்து மாதம் ஒருமுறை முடித்துவிடுகிறோம்.

ஃப்ளீட் கார்டு, வங்கி இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் கார்டு கம்பெனி மாதப் பட்டியலைக் கோப்பாகக் கொடுக்கிறது. அதைச் செயலியில் ஏற்றினால், டிரைவர் அனுப்பிய ரசீதோடு தொகையையும் தேதியையும் வைத்துப் பொருத்திப் பார்க்கிறது. பொருந்தினால் ஒரு செலவு. பொருந்தாவிட்டால் அதே டீசல் இரண்டு தடவை செலவாக ஏறும். கார்டுப் பட்டியலில் இருப்பது எண்ணெய் போட்ட தேதியல்ல, அவர்கள் கணக்கில் பதிந்த தேதி. வார இறுதி வந்தால் இடைவெளி கூடும். அதனால் கார்டில் போடும் டீசலுக்கு டிரைவர் ரசீதை 'கார்டு' என்ற வகையில்தான் போட வேண்டும் என்று விதி வைத்தோம்.

வங்கி இணைப்பை நான் எடுக்கவே இல்லை. எங்கள் வங்கிக்கு அவர்கள் காட்டிய வழியில், இணைய வங்கியின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அவர்களுடைய திரையில் தட்டச் சொன்னார்கள். கூகுள் மாதிரி வங்கியின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அனுமதி கொடுக்கும் முறை இல்லை. பணமோசடிகளுக்குப் பயந்து வங்கிகள் குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணைக்கூட விட்டுவிட்டுச் செயலி ஒப்புதலுக்கு மாறச் சொல்லி 2022-இலேயே மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்திருக்கிற நாட்டில், கடவுச்சொல்லை மூன்றாம் ஆளிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. வங்கி அறிக்கையைக் கோப்பாக இறக்கி ஏற்றுகிறேன். போதும்.

இப்போது எனக்கு உண்மையாகவே எரிச்சல் தருவது இ-இன்வாய்ஸ், அதாவது வரி வாரியத்தின் தளம் வழியாகப் போகும் மின்னணு பில். 2024 ஆகஸ்ட் 1-இல் ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளியைத் தாண்டிய கம்பெனிகளுக்குத் தொடங்கியது. 2025 ஜனவரி 1-இல் 25 மில்லியனுக்கு மேற்பட்டவர்கள், ஜூலை 1-இல் 5 மில்லியனுக்கு மேற்பட்டவர்கள் என்று படிப்படியாக இறங்கி வந்தது. எங்கள் விற்பனை அந்த அளவுக்குப் போகாது, ஆனால் எங்களுக்கு டயரும் உதிரிபாகமும் கொடுக்கிற பெரிய கம்பெனிகள் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களுடைய பில்லில் கியூஆர் குறி இருக்கிறது. அதை ஸ்கேன் செய்தால் வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் அந்தப் பில் சரிபார்க்கப்பட்டது என்று காட்டும்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பில் பிறக்கும்போதே தரவாகத்தான் பிறக்கிறது. விற்பவர், வாங்குபவர், வரி எண், பொருள், தொகை எல்லாம் கட்டம் கட்டமாகப் பிரித்து எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன் வடிவில் வாரியத்துக்குப் போகிறது. அதைப் பிடிஎஃப் ஆக்கி எனக்கு அனுப்புகிறார்கள். நான் அந்தப் பிடிஎஃபைச் செயலிக்கு அனுப்புகிறேன். செயலி அதை ஒரு படமாகப் பார்த்து, எழுத்தெழுத்தாக ஊகித்து, தொகையைத் திரும்பக் கண்டுபிடிக்கிறது. சில சமயம் தப்பாக. வாரியம் கொடுத்த அடையாள எண்ணை அது எடுப்பதே இல்லை. நான் ஒரு கட்டம் சேர்த்து அதில் நகலெடுத்து ஒட்டுகிறேன். நாற்பது மென்பொருளோடு இணைகிறேன் என்று பெருமை பேசுகிற சேவை இந்த ஒன்றோடு இணைந்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் போதும். உதவிப் பிரிவில் கேட்டதற்கு, கோரிக்கையைக் குழுவுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். இந்த வாக்கியத்தை வேறு கம்பெனிகளிடமும் நிறையக் கேட்டிருக்கிறேன்.

விலை ஆளுக்கு இத்தனை என்று அமெரிக்க டாலரில். வெள்ளி ஏறி இறங்க பில்லும் ஏறி இறங்கும். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் சேவை வரி உண்டு. 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடு. விலைப் பக்கத்தில் வரி சேர்க்காத தொகைதான் இருக்கிறது. பெரிய டிரைவர் மாமாவுக்குக் கணக்கு எடுக்கவில்லை, அவர் ரசீதுகள் என் பெயரில் போகின்றன; அதனால் ஐந்து டிரைவர் இருந்தும் என்னோடு சேர்த்து ஐந்து பேருக்குத்தான் கட்டுகிறோம்.

சந்தா அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கத்தான் போகிறேன், ஆனால் ஒரு படி கீழே இருக்கும் திட்டத்தில். டிரைவ், மின்னஞ்சல் இரண்டும் அதிலேயே இருக்கின்றன, தரகரும் அதோடு வேலை செய்வார். மேல் திட்டத்துக்கு அதிகம் கேட்பது கணக்கு மென்பொருள் இணைப்புக்காக. அதை நாங்கள் தொடுவதில்லை. அந்த வித்தியாசக் காசுக்கு இன்னொரு டிரைவரைச் சேர்க்கலாம். ஆறாவது லாரிக்கு அண்ணன் ஏற்கெனவே விலை பேசிக்கொண்டிருக்கிறார்.